ஜெபக்கனியின் முழுப்பதிவு

குலசேகரனுடைய கைகள் அவனுக்கு முன்னால் எழுந்துவிட்டன.

ஜன்னலில் இன்னும் வெளுப்புகூட வரவில்லை. அவன் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கைகள் மட்டும் போர்வைக்கு மேலே ஏறி சுரவரிசை வாசித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விரலாகத் தூக்கி, இறக்கி, ஆற அமர. வலது கை போர்வையின் விளிம்பைத் தாண்டி மனைவியின் தோள்மேல் ஏறியபோதுதான் வீடு விழித்தது.

"காலங்காத்தால என்னங்க இது? கைய எடுங்க."

"நான் வைக்கல, மனோ."

"பின்ன யாரு வச்சா?"

ஜெபக்கனி என்று சொல்லியிருந்தால் அது சத்தியம். ஆனால் விடியாத நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லுகிற துணிச்சல் அவனுக்கு இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். அங்கேயும் அவை வாசித்தன.

பியானோவை உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வழக்கம் உலகத்திலிருந்து ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தேர்ந்த ஒருவருடைய கையில் எந்தத் தசை எப்போது இறுகுகிறது, எந்த விரல் எதற்காகக் காத்திருக்கிறது என்பதையெல்லாம் ஓர் உறைக்குள் எழுதி எடுத்துவிட முடியும். அதற்குக் கைப்பதிவு என்று பெயர். உறையை வாங்கி முழங்கை வரை மாட்டிக்கொண்டு நாலைந்து இரவு தூங்கினால், எழுதியது அத்தனையும் மாட்டியவன் நரம்பில் இறங்கிவிடும். வெல்டர், தையல்காரர், பல் டாக்டர் எல்லோருமே இப்படிக் கை வாங்கிப் பிழைக்கிறவர்கள்தான். பியானோவுக்கு வந்தவை துண்டுப்பதிவுகள். ஒரு பதிவுக்கு ஓர் இசைத்துண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாசித்தார், ஆபீஸ் விழாவில் மேனேஜர் வாசித்தார், டீக்கடை மாடியில் மீன்வண்டி ஓட்டுகிறவர் வாசித்தார். எல்லோரும் அப்பழுக்கில்லாமல் வாசித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தார்கள்.

எல்லார் கையும் ஒன்றாகிவிட்டால் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வருகிறவன் எதைப் பார்க்க வருவான்? முகத்தை. குலசேகரனுக்கு நல்ல முகம். நீண்ட தாடை, தோளில் புரளும் நரைமுடி. இசை உச்சத்துக்குப் போகும் இடத்தில் தலையைப் பின்னால் எறிந்து கண்ணை மூடுவான். மேடை விளக்கில் கன்னத்தில் ஒரு துளி மின்னும். அந்த இடத்தில் சபை மொத்தமும் மூச்சை இழுக்கும். பத்திரிகைக்காரர்கள் அவனை மரியாதையாகத்தான் 'முகக்கலைஞர்' என்று எழுதினார்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். அவன் முட்டாள் இல்லை. கைதட்டல் எதற்கு விழுகிறது என்று தெரியாதவனுக்கு அந்த வலி வராது.

அந்த வருஷம் கைப்பதிவு விற்கும் நிறுவனம் முழுப்பதிவைக் கொண்டுவந்தது. இது ஒரு துண்டு அல்ல, ஒரு கை முழுசாக. எந்த இசைத்தாளை முன்னால் வைத்தாலும் வாசிக்கும் கை. ஆசியாவிலேயே இன்னும் தினமும் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரே கச்சேரிக்காரி தூத்துக்குடி ஜெபக்கனி. அவளுடைய கையைத்தான் எழுதி எடுத்தார்கள். வெளியீட்டு விழாவுக்குச் சென்னை கடற்கரை அரங்கம் பேசி முடித்தாயிற்று. டிக்கெட் வாங்கின இரண்டாயிரம் பேருக்கும் டிக்கெட்டோடு ஓர் உறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குலசேகரன் வாசிக்க வேண்டியது ஒரு பழைய ருஷ்யக்காரர் எழுதிய சொனாட்டா, மூன்று பாகமாக நீளும் பியானோ இசை. கையொடிக்கிற சொனாட்டா என்று அதற்குப் பெயர். அதற்குத் துண்டுப்பதிவே கிடையாது. அதாவது, முதல் தடவையாக, முன்னால் ஒருத்தர் வாசித்து வைத்ததை அவன் மேடையில் திருப்பிக் காட்டப் போவதில்லை. அவனே வாசிக்கப் போகிறான். இதில் தேறினால் அவன் பியானோக்காரன். தவறினால் சாகிற வரைக்கும் முகம்தான்.

வியாழக்கிழமை ஒத்திகையில் கைகள் வாசிக்க மறுத்துவிட்டன. உச்சிவெயிலில் குளத்துக்குள் இறங்கிய எருமைகளைப் போலப் பியானோக் கட்டைகள்மேல் படுத்துக்கொண்டன. தூக்கி வைத்தால் ஒரு சுரவரிசையை அரைத்தூக்கத்தில் வாசித்துவிட்டு மறுபடியும் படுத்தன.

நிறுவனத்தின் பதிவுப் பொறியாளர் பர்ஸானா அவன் முழங்கையில் நரம்பை அளக்கும் ஒட்டிகளை ஒட்டித் திரையைப் பார்த்தாள். சின்ன வயசு, வேகமான பேச்சு.

"எல்லாம் கிளீனா இறங்கியிருக்கு சார். கை உங்களோடதாவே ஆயிடுச்சு."

"ஆயிடுச்சுன்னா ஏன் வாசிக்க மாட்டேங்குது?"

"மூடு இல்லையோ என்னவோ."

"கைக்கு என்னம்மா மூடு?"

"அதான் எனக்கும் புரியல. டிக்கெட் வாங்கினவங்க எல்லாரும் இதையேதான் எழுதறாங்க. விடியறதுக்கு முன்னாடி விரல் ஆடுதாம். ஒருத்தர் பைக் ஹேண்டில்ல வாசிச்சு டிவைடர்ல ஏத்திட்டாரு. ஒரு வாரத்துல அடங்கிடும்னு பதில் போட்டுட்டு இருக்கோம்."

"அடங்குமா?"

அவள் ஒட்டிகளைப் பிய்த்து எடுத்தாள். "தெரியாது சார். முழுசா ஒரு கைய எறக்குறது இதானே முதல் தடவை. அந்தம்மாவையே கேளுங்களேன். பதிவு எடுக்கும்போதே சொன்னாங்க, 'கேக்காத சாமானும் சேந்து வரும் பிள்ள'ன்னு. என்னன்னு கேட்டா சிரிச்சாங்க."

ஜெபக்கனி ராயபுரத்தில் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு மாடியில் குடியிருந்தாள். தெருமுனையில் வரும்போதே குலசேகரனுக்குச் சத்தம் கேட்டது. யாரோ பியானோவை ரிப்பேர் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். இரண்டே சுரம். கீழே ஒன்று, வெகு தூரத்தில் மேலே ஒன்று. ஓர் இடைவெளி. மறுபடி அதே இரண்டு.

மாடிப்படி ஏறி, திறந்து கிடந்த கதவோரமாக நின்றான்.

அவள் முதுகு தெரிந்தது. இடுப்பில் மூட்டை தூக்குகிறவர்கள் கட்டுகிற மாதிரி அகலமான பெல்ட். இடது கை மட்டும் கட்டைகளின்மேல். அடியில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு மேலே தாவும். ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் அழுத்தாது, தொட்டுக்கொண்டு நிற்கும். சரியான கட்டைதானா என்று விரல் விசாரிக்கும். சரி என்று தெரிந்த பிறகுதான் அழுத்தும். பிறகு மறுபடி அடியிலிருந்து. கொஞ்சம் கழித்து நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று நொண்டிக்கொண்டு. பிறகு குட்டை-நீளம். பிறகு மேலிருந்து கீழாக, தலைகீழாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு. அது இசையே அல்ல. கல் உடைக்கிற இடத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்குமே, அதுபோல, அலுக்காமல், கோபப்படாமல், அடுத்த அடி, அடுத்த அடி. குலசேகரன் வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறான். அவனுடைய அப்பா துறைமுகத்தில் பாரம் இறக்கியவர். அரங்குகளிலும் பட்டுத்திரைகளிலும் பியானோவைத் தேடினவனுக்கு, அப்பாவின் முதுகை இங்கே ஒரு பியானோவுக்கு முன்னால் பார்ப்போம் என்று தோன்றியதே இல்லை.

பிறகு அவள் வலது கையையும் சேர்த்து, உள்ளபடியான வேகத்தில் அந்த இடத்தை ஒரே ஒரு தடவை வாசித்தாள். மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நேரம் கேட்ட அந்த இரண்டு சுரமும் அதற்குள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அவன் தன்னையறியாமல் 'அடடா' என்றுவிட்டான்.

அவள் திரும்பினாள். "யாரு? குலசேகரன் அண்ணாச்சியா? படத்துல பாத்ததவிட மெலிஞ்சிருக்கீய. உள்ள வாங்க, ஏன் கடன்காரன் மாதிரி வாசல்ல நிக்கீய?"

அவன் வந்த காரியத்தைச் சொன்னான். சொல்லும்போதே அவள் கைகளைத்தான் பார்த்தான். குட்டைக் கைகள். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. வலது மோதிரவிரல் நுனி வெடித்து, பிளாஸ்திரி. முன்கை நரம்பு கயிறு மாதிரி.

"இன்னைக்குக் காலையில கை என்ன கேட்டுது?" என்றாள்.

"சுரவரிசை வாசிச்சுது. தொடைக்கடியில வச்சு அமுக்கிட்டேன்."

"அடப் பாவி மனுசா, அமுக்கினீயளா!" பெல்ட் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "வேலைக்குப் போற ஆள மூஞ்சி கழுவ விடாம புடிச்சு வச்சுகிட்டு, மத்தியானம் ஏன்டா முறைக்கேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? அந்தக் கை என்னைக்காவது காலையில வேலை பாக்காம மேடைக்கு வந்திருக்கா? அதுக்கு அந்தப் பழக்கமே கெடையாது, அண்ணாச்சி. காய்ச்சல்லயும் உக்காந்திருக்கு. எங்கம்மை செத்த அன்னைக்கும் உக்காந்திருக்கு, உக்காந்துட்டுத்தான் பஸ் ஏறுச்சு."

"பயிற்சி செய்யாம இருக்கத்தானேங்க ஜனங்க இந்தப் பதிவையே வாங்குறாங்க?"

"அதத்தான் அந்தப் பிள்ளையிட்டயும் சொன்னேன். என் கையில பயிற்சியத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. வாசிப்புன்னு தனியா ஒரு மூட்டை கட்டி வச்சிருந்தா நானே அதத் தலையில வச்சுகிட்டு ஊர் ஊரா போயிருப்பனே. எதுக்கு தெனமும் இப்படி இடுப்பு ஒடிய உக்காருதேன்?"

பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். குலசேகரன் உட்கார்ந்தான். அவனுடைய கைகள் அவள் கைகளைக் கண்டதும் வீட்டு நாய் எஜமானைக் கண்டதுபோல எழுந்தன. நாலு கையும் ஒரே கை. சுரவரிசையில் தொடங்கினார்கள். மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனிவேலை. இடது தனியாக, வலது தனியாக. அவனுக்குத் தோள் கடுத்தது, கழுத்து கடுத்தது, சலிப்பில் கண்ணீர் வருமோ என்று பயந்தான். கைகளுக்கு ஒரு சலிப்பும் இல்லை. முடிவில் அவை தாமாகவே ருஷ்யக்காரரின் முதல் பக்கத்தை எடுத்து வாசித்தபோது, அவன் ஒன்பது வருஷ மேடை வாழ்க்கையில் முதன்முதலாக முகத்தை என்ன செய்வது என்று மறந்துபோனான்.

டம்ளரில் பாலில்லாத கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய கச்சேரிக் காலத்தைப் பற்றிக் கேட்டான். பெருமையும் இல்லாமல் புலம்பலும் இல்லாமல் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி. பள்ளிக்கூடத்து மாதாகோயில் பியானோவில் பாதிக் கட்டைகள் உப்புக்காற்றில் செத்துப்போயிருந்தன. செத்த கட்டை வரும் இடத்தில் வாயால் பாடிக்கொண்டே படித்தாள். பெரியவளான பிறகு ஊர் ஊராக ஓட்டல் அறைகள். குளிர்நாடுகளில் வெந்நீர் வாளிக்குள் கைவிட்டுக்கொண்டு முறை வரும்வரை மேடைக்குப் பின்னால் நிற்பது. விமானத்தில் சாப்பாட்டுத் தட்டின்மேல் வாசிப்பது. ஒவ்வொரு ஊரிலும் வேறொரு பியானோ, அதனிடம் போய் அரைமணி நேரத்தில் சிநேகம் பிடிப்பது. பெண் பார்க்க வந்த ஒருவன், நகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. துண்டுப்பதிவு வந்ததும் கச்சேரி நின்றது. பயிற்சி நிற்கவில்லை.

"கூப்பிடவே ஆள் இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குங்க?"

"கஞ்சி குடிக்கீய, அதுக்குக் கச்சேரி வேணுமா?"

"சரி. அப்புறம் ஏன் கையக் குடுத்தீங்க?"

காப்பியை ஊதினாள். "வாசிக்கவளுக்கு வாசிப்பு கேக்காது, அண்ணாச்சி. காது எப்பவும் அடுத்த சுரத்துமேலயே நிக்கும். அம்பது வருசமா வாசிக்கேன். ஒருநாள்கூட நான் என் கச்சேரிக்குப் போனதில்ல. ஞாயித்துக்கெழமை முதல் வரிசையில டிக்கெட் வாங்கியிருக்கேன். நல்லா வாசிங்க."

வெள்ளியும் சனியும் அவன் இருட்டோடு எழுந்தான். மனோன்மணி தலையணையைக் காதில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் அரங்கம் பிதுங்கியது. இரண்டாயிரம் பேர், மடியில் இரண்டாயிரம் ஜோடி ஜெபக்கனிக் கைகள். சாதாரண மரப்பியானோ. குலசேகரன் வணங்கிவிட்டு உட்கார்ந்தான்.

முதல் பாகம் முடிவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்துக்கு விழும் மௌனம் எப்படி இருக்கும் என்று அவன் அறிவான். அது பாகு மாதிரி இருக்கும். இது வேறு. இரண்டாயிரம் பேர் இசைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடது கை அடியில் உறும, வலது கை மேலே நூல் நூற்றது. எவ்வளவு பாரம் தூக்குகிறோம் என்று கேட்கிறவனுக்குத் தெரியாமல் தூக்கும் வித்தை. முதல் வரிசையில் ஜெபக்கனி கழுத்தை நீட்டி, சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் இசை உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தது. இடது கை அடிக்கட்டையிலிருந்து மேலே பெரிய தாவலாகத் தாவ வேண்டும். அந்த இடத்தில் குலசேகரனின் கழுத்து, ஒன்பது வருஷ வழக்கப்படி, யாரையும் கேட்காமல் தலையைப் பின்னால் எறிந்தது. தோள் கூடவே போயிற்று. கை ஒரு கட்டை தள்ளி விழுந்தது.

பச்சையான அபஸ்வரம்.

கைகள் நின்றன. பிறகு இடது கை மட்டும் எழுந்தது. அடிக்கட்டையை அழுத்திவிட்டு, மெதுவாக மேலே போய், அழுத்தாமல், தொட்டுக்கொண்டு நின்றது.

மேடையில், விளக்குகளுக்கு நடுவில், கை பயிற்சி செய்ய ஆரம்பித்துவிட்டது.

குலசேகரன் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தான். கை வரவில்லை. தூக்கினான், காற்றில் தாவியது. இறக்கினான், கட்டையில் தாவியது. நீளம்-குட்டை, நீளம்-குட்டை. விக்கலை அடக்க முடியாதவனுக்குப்போல நெற்றி வேர்த்தது. எல்லாம் முடிந்தது, இனிச் சிரிப்பார்கள் என்று எண்ணிச் சபையைத் திரும்பிப் பார்த்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கம் முழுக்க ஒரு சரசரப்பு, ஓலைக்கூரைமேல் தூறல் விழுகிற மாதிரி. இரண்டாயிரம் இடது கைகள் இடது முழங்காலிலிருந்து வலது முழங்காலுக்கு மெதுவாகத் தாவி, தொட்டுக்கொண்டு நின்றன. பட்டுப்புடவைமேல், வேட்டிமேல், பக்கத்துச் சீட்டுக்காரர் தொடைமேல். முன்வரிசை அமைச்சர் ஒருவர் வலது கையால் இடது கையைப் பிடித்து நிறுத்தப் போய், அது கையோடு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாவியது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், தானும் உறை மாட்டித் தூங்கியிருந்த பர்ஸானாவின் விரல்கள் அவள் நெஞ்சோடு அணைத்த கைத்திரைமேல் ஓடிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சும்மா இருந்தவை ஜெபக்கனியின் கைகள் மட்டும்தான். அவள் எழுந்து, பக்கப்படியில் ஏறி, நிதானமாக வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க கையும் இதுதானே," என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "உங்களுக்கு மேடையில இப்படி வந்ததில்லையா?"

"எல்லாக் கச்சேரியிலயும் வரும். தப்பு விழாத கச்சேரின்னு ஒண்ணு உண்டா?"

"அப்ப என்ன செய்வீங்க?"

"இழுத்துட்டுப் போவேன்."

"எப்படி?"

"தப்ப விட்டுட்டுப் போறது கைக்குத் தெரியாது, அண்ணாச்சி. அது கெடந்து துடிக்கும். நான்தான் அதுகிட்ட சொல்லுவேன்: இப்ப வா, நாளைக்குக் காலையில உக்காந்து உன்னச் சரி பண்ணுதேன்னு. நம்பிச்சுன்னா வரும். சும்மா சொன்னா வராது. எத்தன வருசமா கூட இருக்கு, பொய் அதுக்குத் தெரியும்." அவள் எழுந்தாள். "இந்தத் தாவல முடிச்சுருங்க. இதுல ரொம்ப தூரம் வந்துட்டுது. தலையத் தூக்காதீய."

அவன் தலையைத் தூக்கவில்லை. முடியையும் கண்ணையும் மறந்து, கூலிக்கு வந்தவன்போலக் குனிந்து, கை கேட்டதைக் கொடுத்தான். தலைகீழாக. கண்ணை மூடி. வலதையும் சேர்த்து. கடைசியில் தாவல் போய் உட்கார்ந்தது, பூட்டில் சாவி விழுந்த மாதிரி. அந்த நொடியில் அரங்கம் முழுக்க இருந்த விரல்கள் ஓய்ந்தன. இரண்டாயிரம் பேரும் ஒரே பெருமூச்சு விட்டார்கள். அடுத்த பக்கம் திறந்தது.

அதற்கப்புறம் அவன் வாசித்தது யார் பதிவிலும் இல்லை என்று ஜெபக்கனி பின்னால் சொன்னாள். பயந்தவன் பயம் தெளிந்து நடக்கிற நடை அது. கேட்டவர்களில் பாதிப்பேர் அழுதார்கள்.

கடைசிப் பாகத்தில், புயல் மாதிரி இறங்கி வரும் இடத்தில், வலது சுண்டுவிரல் ஒரு கறுப்புக் கட்டையை உரசிவிட்டது. சின்ன உரசல்தான். கை அங்கேயே காலை ஊன்றியது.

குலசேகரன் கண்ணை மூடினான். நாளைக்கு. நாளைக்குக் காலையில் உட்காருவேன். மனோ திட்டினாலும் உட்காருவேன், கச்சேரியே இனிமேல் இல்லை என்றாலும் உட்காருவேன். சொல்லும்போதே அது நிஜம் என்று அவனுக்குத் தெரிந்தது. இனி விடியாத நேரங்கள் எல்லாவற்றையும் அவன் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கை ஒரு கணம் யோசித்தது. பிறகு வந்தது. முனகிக்கொண்டே, ஆனால் வந்தது. கடைசிப் பக்கம், கடைசி வரி, இரண்டு கையும் சேர்ந்து அடித்த அந்தப் பெரிய முடிவு, பெடலிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்து, சத்தம் தானாகத் தேய்ந்து அடங்கும் வரை.

எழுந்து வணங்கினான்.

கைதட்டல் இல்லை.

நிமிர்ந்தான். இரண்டாயிரம் முகங்களும் ஈரத்தோடு அவனைப் பார்த்து மலர்ந்திருந்தன. 'பிரமாதம்' என்று யாரோ கத்தினார்கள். ஆனால் மடிகளில் சரசரப்பு நின்றபாடில்லை. அந்த உரசல் விழுந்த இடத்திலேயே அவர்கள் கைகள் தங்கிவிட்டிருந்தன. இரண்டாயிரம் வலது சுண்டுவிரல்கள் தூக்கி, இறக்கி, ஆற அமர. நாளைக்கு உட்காருகிறேன் என்று அவர்களும் சொல்லிப் பார்த்திருப்பார்கள். கைகள் நம்பவில்லை.

முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று தட்டினாள். குட்டைக் கைகள், தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலும் விரிய, உள்ளங்கை சிவக்க. அவ்வளவு பெரிய அரங்கத்தில் அந்த ஒரு ஜோடிச் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பியது.

மூன்றாம் வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலிக் கையில் விரல் ஓட ஓட எட்டிக் கேட்டார். "சார், இது எப்ப சார் நிக்கும்?"

"வீட்டுல பியானோ இருக்கா?" என்றான் குலசேகரன்.

"இருக்கு சார். ஷோவுக்கு வாங்குனது. துணிபோட்டு மூடி வச்சிருக்கோம்."

"துணிய எடுத்துட்டு உக்காருங்க. இந்த இடம் சரியாகிற வரைக்கும்."

"சரியானா விட்டுருமா?"

குலசேகரன் ஜெபக்கனியைப் பார்த்தான். அவள் தட்டுவதை நிறுத்தாமல் சிரித்தாள்.

"விடாது சார்," என்றான். "நாளைக்கு வேற ஒண்ணு கேக்கும்."

அந்த மனிதர், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிற மாதிரி கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெளியே போகும் கூட்டத்தில் கலந்தார். வாசலில் நல்ல மழை. குடை கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். விரிக்கத்தான் ஒருவருக்கும் கை ஒழியவில்லை.